இளநீர்க்காரரின் இடது கை: பல் இம்பிளான்ட் பாகங்களும் ஐந்து அச்சு மில்லிங்கும்

பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஸ்க்ரூ அடிச்சு, மேல கேப் போட்டாங்க" என்பார்கள். பாதி சரி. அந்த ஸ்க்ரூவுக்கும் கேப்புக்கும் நடுவில் இன்னொரு துண்டு இருக்கிறது. அதற்கு அபட்மென்ட் என்று பெயர். அந்த அபட்மென்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு குட்டித் திருகு வேறு. ஆக, ஒரு பல்லுக்கு நான்கு பாகங்கள். டாக்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்து இம்பிளான்ட் என்று சொல்லிவிடுவதால் நமக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

எல்லாமே பொடிசு. எலும்புக்குள் போகும் திருகின் (இனி நான் இம்பிளான்ட் என்பது இதை மட்டும்தான்) விட்டம் பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. வரை, நீளம் 8 முதல் 13 மி.மீ. வரை. தச்சர்கள் "ஒரு நூல் இழைச்சா சரியா உட்காரும்" என்பார்களே, அந்த ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். தச்சருக்குப் பிழை விட இருக்கும் இடம்தான் இங்கே கிட்டத்தட்ட முழுப் பொருளின் தடிமனே. அந்தத் தடிமனுக்குள் மேலிருந்து ஒரு குழி, குழிக்குள் அறுகோணமோ கூம்போ ஏதாவது ஒரு பூட்டு வடிவம், அதற்கும் கீழே மரை.

அந்தக் குழிக்குள்தான் அபட்மென்ட்டின் கால் போய் உட்காருகிறது. உட்காரும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். வாயில் இருக்கும் பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ ஒரு மைக்ரான். இடைவெளி பெரிதானால் கிருமி குடியேறும், ஈறு வீங்கும். மெல்லும்போது அபட்மென்ட் கண்ணுக்குத் தெரியாமல் ஆடி ஆடி, உள்ளே இருக்கும் திருகு தளரும். "கேப் ஆடுது டாக்டர்" என்று வருபவர்களில் பலருக்கு ஆடுவது கேப் இல்லை, அந்தத் திருகுதான்.

டைட்டானியம் ஏன் என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1952-ல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயல்களின் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தில் செய்த சிறு கருவிகளைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் முதல் மனித நோயாளிக்குப் பல் இம்பிளான்ட் வைத்தார். எலும்பு ஏற்றுக்கொள்ளும் உலோகம் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டறைக்காரர்களுக்கு அது லேசில் மசியாத உலோகம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லேத்தா, மில்லிங்கா?

லேத்தில் ஜாப், அதாவது வெட்டப்படும் பொருள், சுற்றும்; வெட்டும் டூல் சுற்றாது. மில்லிங்கில் டூல் சுற்றும், ஜாப்பைப் பிடித்து வைத்திருப்பார்கள். இந்த ஒரு வரி புரிந்தால் போதும்.

எலும்புக்குள் போகும் திருகை மில்லிங் மெஷினில் குடைந்து எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அது உருண்டையான பொருள், அதனால் லேத் வேலை. ஸ்விஸ் டைப் லேத் என்று ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கடிகாரத்தின் ஊசி போன்ற பாகங்களைக் கடைவதற்காக ஸ்விட்சர்லாந்தில் உருவானது. நீளமான டைட்டானியக் கம்பி ஒரு புஷ் (கம்பியைச் சுற்றித் தாங்கும் வளையம்) வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். டூல் அந்தப் புஷ்ஷின் வாயிலேயே நின்று வெட்டும். வெட்டும் இடத்துக்கும் பிடித்திருக்கும் இடத்துக்கும் தூரமே இல்லாததால், மெல்லிய கம்பி வளைய வாய்ப்பில்லை. பக்கவாட்டில் தட்டையாகச் சீவ, குறுக்கே துளை போட, சுற்றும் டூல்களையும் அதிலேயே பொருத்தியிருப்பார்கள். அதனால் அந்த லேத்துக்கும் பல அச்சுகள் உண்டு.

திருகு ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வேண்டும். அபட்மென்ட்டும் கேப்பும் அப்படியில்லை. உங்கள் பல்லுக்குச் செய்தது என் வாய்க்கு உதவாது. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அங்கேதான் ஐந்து அச்சு மில்லிங் மெஷின் வருகிறது.

அச்சு என்றால்?

சாலையோர இளநீர்க்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? வலது கையில் இருக்கும் அரிவாள் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான், மேலிருந்து கீழே ஒரு வீச்சு. வித்தை இடது கையில் இருக்கிறது. ஒரு வெட்டு விழுந்ததும் காயைக் கொஞ்சம் உருட்டுகிறார். அடுத்ததற்குக் கொஞ்சம் சாய்க்கிறார். ஏழெட்டு வெட்டில் மேல்மட்டை முழுக்கச் சீவி, கண் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சுகிறது. முக்கியமான விஷயம், நடுவில் அவர் காயைக் கீழே வைப்பதே இல்லை.

மெஷினில் இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று டூல் நகரும் மூன்று திசைகள் எக்ஸ், ஒய், இசட். இவை அரிவாளின் அசைவு. உருட்டுவது நான்காவது அச்சு, சாய்ப்பது ஐந்தாவது. இவை இடது கையின் அசைவு. சுழலும் அச்சுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். மெஷினுக்கு மெஷின் இந்த மூன்றில் எந்த இரண்டு என்பது மாறும். டென்டல் லேபில், அதாவது நாங்கள் பல் பாகங்கள் செய்யும் இடத்தில், இருக்கும் மேசை மெஷின்களில், பொருளை வட்டு வடிவில் ஒரு சட்டத்தில் மாட்டுவோம். முறத்தைப் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் சாய்ப்பது போல அந்தச் சட்டம் சாயும், முழுக்கவும் திரும்பும்.

மூன்று அச்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? டூல் மேலிருந்து மட்டுமே வரும். ஒரு குடத்தை மேலிருந்து பாருங்கள், அதன் வயிறு அடிப்பாகத்தை மறைத்துவிடும். பல்லும் அப்படித்தான், நடுவில் பருத்து கழுத்தில் ஒடுங்கும். வட்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் வெட்டினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் மறைந்திருக்கும் மூலைகள் மிஞ்சும். அதற்குத்தான் சாய்க்க வேண்டும்.

மூன்று அச்சு மெஷினிலேயே ஜாப்பைக் கழற்றி, வேறு கோணத்தில் மாட்டி வெட்டலாமே என்று கேட்கலாம். வெட்டலாம். ஆனால் எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும், கழற்றி மாட்டும்போது சில மைக்ரானாவது நகரும். இரண்டு தடவை கழற்றி மாட்டினால், நாம் காப்பாற்ற நினைத்த மைக்ரான்கள் எல்லாம் அதிலேயே செலவாகிவிடும். ஐந்து அச்சு என்றதும் பலர் சிக்கலான வடிவங்களைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதன் முதல் பயன் ஜாப்பைக் கீழே வைக்காமல் முடிப்பது. வடிவம் இரண்டாவது.

இதில் இரண்டு வகை வேலை உண்டு. சாய்த்து, நிறுத்தி, பிறகு வெட்டுவது ஒன்று. பட்டறைப் பேச்சில் 3 பிளஸ் 2 என்பார்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துகொண்டும் உருண்டுகொண்டும் இருப்பது இன்னொன்று. பார்க்க இரண்டாவதுதான் அழகு. விளம்பர வீடியோக்களில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் லேபில் ஓடும் வேலையில் பெரும்பகுதி முதல் வகையிலேயே முடிந்துவிடும். அச்சு அசையாமல் இறுகி நிற்பதால் அதிர்வும் குறைவு.

சாய்ப்பதால் இன்னும் இரண்டு லாபம். வளைந்த பரப்பை மழமழப்பாக்க நுனி உருண்டையான டூலைப் பயன்படுத்துவோம். ராட்டினத்தில் ஓரத்துக் குதிரை வேகமாகப் போகும், நடுக்கம்பு நின்ற இடத்திலேயே நிற்கும் இல்லையா? டூலின் நுனியும் அதே கதைதான். டூல் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், சரியாக மையப் புள்ளியில் வெட்டும் வேகம் சுழி. அந்தப் புள்ளி பட்டால் வெட்டாது, தேய்க்கும். கொஞ்சம் சாய்த்தால் நுனிக்குப் பதில் பக்கவாட்டு வெட்டுவாய் பொருளைத் தொடும். மினுமினுப்பே மாறிவிடும்.

இன்னொன்று டூலின் நீளம். தொரட்டியால் மாங்காய் பறித்தவர்களுக்குத் தெரியும், கம்பு நீள நீள நுனி சொன்னபடி கேட்காது. டூலுக்கும் அதுதான் விதி. வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். ஜாப்பைச் சாய்த்துக் கொடுத்தால் ஆழமான மூலையையும் குட்டை டூலாலேயே எட்டலாம். 1 மி.மீ. விட்டமுள்ள டூலை வைத்து டைட்டானியம் வெட்டும்போது இது உயிர்ப் பிரச்சினை. டூலின் உயிரைச் சொல்கிறேன்.

அபட்மென்ட்டின் தலையும் காலும்

அபட்மென்ட் விசித்திரமான பொருள். அதன் கால் அந்த மாடல் இம்பிளான்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான், மைக்ரான் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். தலையோ ஆளுக்கு ஆள் வேறு. ஈறு எவ்வளவு உயரம், பக்கத்துப் பல் எங்கே, எதிர்ப்பல் எங்கே கடிக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதை வடிவமைக்க வேண்டும். வாயை ஸ்கேன் செய்யும்போது இம்பிளான்ட்டின் மேல் ஒரு சின்ன அடையாளக் குச்சியைத் திருகி வைப்பார்கள், அதற்கு ஸ்கேன் பாடி என்று பெயர். ஈறுக்கு அடியில் இம்பிளான்ட் எந்தக் கோணத்தில், எந்த ஆழத்தில், பூட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் அந்தக் குச்சியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

லேப் மெஷினில் காலையும் சேர்த்து வெட்டலாமா? நல்ல கனமான மெஷின் இருந்தால் முடியும். எங்களைப் போன்ற சின்ன லேப்கள் அந்த வம்புக்குப் போவதில்லை. காலை மட்டும் தொழிற்சாலையிலேயே முடித்து, தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உருளையை விட்டு விற்கிறார்கள். பிரீமில் என்போம். அதைப் பிடிப்பானில் மாட்டி, தலையை மட்டும் நாங்கள் செதுக்குகிறோம். மைக்ரான் வேலை தொழிற்சாலைக்கு, வடிவ வேலை எங்களுக்கு. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

குட்டித் திருகை இறுக்க வழக்கமாகச் சொல்வது 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். பெயர் மிரட்டினாலும் கணக்கு எளிது. 10 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் சுமார் 300 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்குதான் 30. அவ்வளவு மென்மையான இறுக்கம் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால், காலும் குழியும் பொருந்தியிருந்தால்தான் உண்டு.

ஐந்தாவது அச்சு இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு வேலையைச் சொல்கிறேன். மேல் முன்பற்கள் இருக்கும் இடத்தில் எலும்பு முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இம்பிளான்ட்டை எலும்பு இருக்கும் திசையில்தான் வைக்க முடியும். அதனால் திருகு போடும் ஓட்டை பல்லின் முன்முகத்தில், சிரித்தால் தெரியும் இடத்தில் வந்து நிற்கும். யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இதற்கு வழி, ஓட்டையை வளைத்து விடுவது. கீழே இம்பிளான்ட்டின் திசையில் நேராக ஆரம்பித்து, பாதியில் 25 டிகிரி வரை நாக்குப் பக்கமாகத் திரும்பி, பல்லின் பின்புறம் திறக்கும் சுரங்கம். சாய்வாக நுழைந்தும் திருகைத் திருப்பும் தனி ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. இந்தச் சுரங்கத்தின் இரண்டு பாதிகளையும் இரண்டு கோணத்தில் வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும், ஜாப்பைக் கழற்றாமல்.

மசியாத உலோகம், சுருங்கும் மாவுக்கல்

டைட்டானியம் வெப்பத்தைக் கடத்தாது என்றே சொல்லிவிடலாம். அபட்மென்ட்டுக்குப் பயன்படும் அலுமினியம், வனேடியம் கலந்த டைட்டானியம், சாதாரண அலுமினியக் கலவைகள் கடத்துவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்துகிறது. வெட்டும்போது பிறக்கும் சூடு சீவலோடும் போகாது, ஜாப்புக்குள்ளும் பரவாது, டூலின் விளிம்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். விளிம்பு மழுங்கும், மழுங்கினால் இன்னும் சூடாகும். அதனால் கூலன்ட்டை, அதாவது சூட்டைத் தணிக்கும் திரவத்தை, தாராளமாக அடித்து, மெதுவான சுற்றில், ஆனால் தயங்காமல் வெட்ட வேண்டும். தயங்கித் தேய்த்தால் டூல் போச்சு. இதில் இன்னொரு ஆபத்து, பொடிப்பொடியான டைட்டானியச் சீவல் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, எரிச்சல் இன்னும் கூடும். உலோகத் தீக்கான அணைப்பானோ காய்ந்த மணலோதான் வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கேப் செய்யும் சிர்கோனியா என்ற பீங்கான் நேர் எதிர். முழுக்க வெந்த சிர்கோனியாவை வெட்டுவது பாறையைச் சொறிவது போல. அதனால் அரைவேக்காட்டில், சாக்பீஸ் பதத்தில் 98 மி.மீ. விட்டமுள்ள வட்டாக வாங்கி, அந்தப் பதத்திலேயே செதுக்கிவிடுவோம். கூலன்ட் கிடையாது. நிமிடத்துக்கு 60,000 சுற்று வரை போகும் ஸ்பிண்டில் (டூலைப் பிடித்துச் சுற்றும் தண்டு), பக்கத்தில் தூசி உறிஞ்சி. மெஷினைத் திறந்தால் கோலமாவு டப்பா கவிழ்ந்தது போல இருக்கும். பிறகு சுமார் 1500 டிகிரி செல்சியஸ் சூளையில் பல மணி நேரம். செங்கல் சூளை பார்த்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், வெந்தால் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்காக முதலிலேயே ஒவ்வொரு பக்கமும் பெரிதாக்கி வெட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிதாக்குவது என்பதை வட்டின் ஓரத்திலேயே ஓர் எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். வட்டுக்கு வட்டு கொஞ்சம் மாறும். ஒரு நாள் 1.245 போட்ட வட்டை மாட்டிவிட்டு, முந்தைய வட்டின் 1.230-ஐ மாற்றாமல் ஓட்டிவிட்டேன். வெட்டி முடித்தபோது குறையே தெரியவில்லை. மறுநாள் காலை சூளையைத் திறந்தால் கேப்புகள் பளபளவென்று இருந்தன. நோயாளியின் வாய் போலச் செய்து வைத்த மாடலில் ஒன்றுகூட இறங்கவில்லை. வித்தியாசம் 1.2 சதவீதம்தான். 8 மி.மீ. பல்லில் அது 0.1 மி.மீ. ஒரு முடிக்கும் மேல்! மொத்த வட்டும் குப்பைக்குப் போனது. இப்போது வட்டை மாட்டும்போதே எண்ணைப் பேனாவால் கையில் எழுதிக்கொண்டுதான் கம்ப்யூட்டருக்குப் போகிறேன்.

சிர்கோனியாவை நேரடியாக இம்பிளான்ட்டின் குழிக்குள் உட்கார வைக்கலாமே என்ற கேள்வி வரும். சிர்கோனியா டைட்டானியத்தைவிடக் கடினம். அசையும்போதெல்லாம் குழியின் சுவரைத் தேய்த்துவிடும். எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட்டை எளிதில் மாற்ற முடியாது. அதனால் குழிக்குள் போகும் காலை டைட்டானியத்திலேயே வைத்து, அதன் மேல் சிர்கோனியாவைப் பசை போட்டு ஒட்டுவதுதான் பாதுகாப்பான வழி. தேய்வது என்றால் மாற்றக்கூடிய பாகம் தேயட்டும்.

அச்சு கூடினால் பிழையும் கூடும்

விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று. அச்சு கூடக் கூடத் துல்லியம் கூடும் என்பது தப்பு. ஒவ்வொரு அச்சும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையைக் கொண்டுவரும். சாய்க்கும் அச்சு ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் பிசகினால், 98 மி.மீ. வட்டின் விளிம்பில் அது 8.5 மைக்ரான். மெஷின் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறது என்று கம்ப்யூட்டர் நினைப்பதும், உண்மையில் சாய்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரிங் தேயும், அறைச் சூடு மாறும், மையம் நகரும். நாங்கள் வாரத்துக்கு ஒரு முறை அளவுக்கட்டையை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) மாட்டி, தொட்டுப் பார்க்கும் ஊசியால் மையத்தைத் திரும்பச் சரிபார்க்கிறோம். காலையில் மெஷினைப் போட்டவுடன் முதல் வேலையாக டைட்டானியம் ஏற்றுவதும் இல்லை. ஸ்பிண்டில் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடிச் சூடேறட்டும் என்று விடுவோம். அதற்குள் ஒரு டீ.

இந்தப் பிழையெல்லாம் வெளியே வரும் இடம் ஒன்று உண்டு. பற்கள் முழுக்கப் போனவர்களுக்கு நான்கு இம்பிளான்ட்டில் ஒரு வரிசைப் பல்லையும் நிறுத்தும் ஆல்-ஆன்-4 முறை. போர்ச்சுகல் டாக்டர் பாலோ மாலோ தன் குழுவோடு 2003-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார். முன்னே இரண்டு நேராக, பின்னே இரண்டு 45 டிகிரி வரை சாய்வாக. இந்த நான்கையும் சேர்த்துப் பிடிக்கும் குதிரைலாட வடிவக் கம்பியைப் பார் என்போம். அதில் நான்கு இருக்கைகள், நான்கும் வெவ்வேறு திசையைப் பார்த்தபடி.

முன்பெல்லாம் இதை வார்ப்பார்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பது போலத்தான், மெழுகில் வடிவம் செய்து, அச்சுமண்ணில் பொதிந்து, மெழுகை உருக்கி விட்டு உலோகம் ஊற்றுவது. சிலைக்கு அரை மி.மீ. பொருட்டில்லை. நான்கு கால் பாருக்கு அது பெரிய பள்ளம். உலோகம் ஆறும்போது லாடத்தின் இரண்டு முனையும் கொஞ்சம் விலகியோ நெருங்கியோ போய்விடும். நடுவில் அறுத்து, வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி பற்றவைப்பார்கள். இப்போது டைட்டானிய வட்டிலிருந்து பாரை ஒரே துண்டாகக் குடைந்து எடுக்கிறோம். நான்கு இருக்கையும் நான்கு கோணத்தில், ஒரே பிடியில்.

வெட்டி முடித்து, பிசிறு எடுத்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவியதும் மாடலில் வைப்போம். சோதனை எளிது. ஒரு ஓரத்துத் திருகை மட்டும் இறுக்க வேண்டும். மற்ற மூன்றையும் தொடக் கூடாது. இப்போது எதிர்க் கோடிக்குப் போய் லென்ஸ் வழியாக இருக்கையைப் பார்க்க வேண்டும். பார் சரியாக வெட்டப்பட்டிருந்தால் அங்கே ஒன்றும் நடந்திருக்காது, படிந்தபடி இருக்கும். எங்கோ திரிபு இருந்தால் அந்தக் கோடி மெல்ல எழும்பி, முடி போல ஒரு கருப்புக் கோடு தெரியும். நான்கு திருகையும் இறுக்கினால் அந்தக் கோடு மறைந்துவிடும், வாயிலும் மறைந்துதான் இருக்கும். ஆனால் பார் அப்புறம் ராத்திரி பகலாக எலும்பை இழுத்துக்கொண்டே கிடக்கும்.

டைட்டானியப் பாரை அரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. கோடு தெரிந்தால் அதைக் கழற்றிப் பழைய டப்பாவில் போட்டுவிட்டு, முதலில் அளவுக்கட்டையை எடுத்துக்கொண்டு மெஷினிடம் போவோம். மையம் சரி என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வட்டு.